செய்முறை வகுப்பு ஜூன் மாதமே தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர்ப் பக்கம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளிடம் அறிவியல் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வரும். "சார் பாடத்தை வாசிப்பார், ஒரு மார்க் கேள்விக்கு டிக் போடச் சொல்வார், அடுத்த பாடத்துக்குப் போயிடுவார்" என்பது ஒன்று. "மிஸ் லென்சைக் கையில கொடுத்தாங்க, வெளியே இருந்த தென்னை மரம் பேப்பர்ல தலைகீழா விழுந்துச்சு" என்பது மற்றொன்று. முதல் பதிலைச் சொல்லும் பிள்ளைக்குப் பாடத்தின் தலைப்பே நினைவுக்கு வருவதில்லை. இரண்டாவது பிள்ளையை நிறுத்த முடியாது. ஆசிரியரின் ஆர்வம் இதில் பாதிக் காரணம். ஆய்வகக் கதவு எந்த மாதம் திறக்கிறது என்பது மறு பாதி. அந்த மறு பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. தேர்ச்சி பெற எழுத்தில் 20-ம் செய்முறையில் 15-ம் வேண்டும். செய்முறைத் தேர்வு பிப்ரவரி வாக்கில் வரும். பல பள்ளிகளில் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகுதான் லேப் சாவி வெளியே வருகிறது. மூன்று வாரத்தில் எல்லாச் சோதனைகளையும் "காட்டி" முடித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதனால் "குவியத்தொலைவு 20 செ.மீ." என்ற விடை, லென்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே போன வருடத்து அண்ணன் நோட்டிலிருந்து ரெக்கார்டில் ஏறிவிடுகிறது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துப் போகிறது, ஒரு தடவைகூடத் தன் கையால் எதையும் அளக்காமல்.

கடலூருக்கு இது இன்னும் பொருந்தாத ஏற்பாடு. இங்கே அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் வரை எத்தனை நாள் பள்ளி நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் விட்டுவிடுவோம். சாதாரண வருடத்திலேயே நவம்பரில் மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரியில் பொங்கல், பிறகு திருப்புதல் தேர்வு என்று போய்விடுகிறது. கல்வியாண்டின் பின்பாதியை நம்பி எந்தச் செய்முறையையும் இந்த மாவட்டத்தில் தள்ளிவைக்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நமக்கு உறுதியாகக் கிடைக்கும் காலம். பாடநூலின் இறுதியில் அச்சாகியிருக்கும் வரிசையில் செய்ய வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. வெயில் வேண்டிய சோதனை, ஈரக்காற்றில் கெடும் வேதிப்பொருள், மழையிலும் செய்யக்கூடியது என்று பிரித்து நம் ஊர் வானிலைக்கு ஏற்ப வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

வெயிலை நம்பியது முதலில். ஒளிச்சேர்க்கையைக் காட்டும் சோதனைக்குழாய்–புனல் ஆய்வை (முகவைத் தண்ணீருக்குள் நீர்க்கொடியைப் புனலால் மூடி, புனல் காம்பின் மேல் தண்ணீர் நிறைந்த சோதனைக்குழாயைக் கவிழ்த்து வைப்பது) பிப்ரவரியில் வகுப்பறை மேசைமேல் வைத்துவிட்டு, "குமிழி வரும், அது ஆக்சிஜன்" என்று வாயால் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அதைத் திறந்த வெளியில் வைத்தால் சில நிமிடங்களிலேயே குமிழி வரும். ஹைட்ரில்லா என்ற நீர்க்கொடி நம் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் கிடைக்கிறது. அன்றைக்கே எடுத்த கொடியாக இருக்க வேண்டும். வாளியில் இரண்டு நாள் கிடந்தது ஆகாது. 10 செ.மீ. நீளத் துண்டுகளாக, வெட்டிய முனை மேலே பார்க்கும்படி புனலுக்குள் வைக்க வேண்டும். வெட்டிய முனை வழியாகத்தான் குமிழி தாரையாக வரும். தலைகீழாக வைத்தால் குமிழிகள் அங்கங்கே இலையில் ஒட்டிக்கொண்டு குழாய்க்குள் ஏறாது. புனலின் விளிம்பு முகவையின் அடியில் ஒட்டாமல் மூன்று சிறு கற்கள் மேல் நிற்கட்டும், தண்ணீர் உள்ளே போய்வர வழி வேண்டும். அரை லிட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடுக்குக் குறைவிருக்காது. கொதித்து ஆறிய தண்ணீரில் சோடா போடாமல் வைத்தால் ஒன்றும் நடக்காது.

இதில் பலரும் தோற்பது கடைசிக் கட்டத்தில். சேர்ந்தது ஆக்சிஜன்தான் என்று காட்ட, குழாய்க்குள் நீட்டும் தணல் குச்சி பிரகாசமாக எரிய வேண்டுமானால் குழாயில் போதிய வாயு சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பீரியட் போதாது. காலை முதல் பீரியடில் வைத்து, மதிய உணவுக்குப் பிறகு எடுப்பதே சரி. அகலமான குழாயைவிடக் குறுகிய குழாய் நல்லது. தண்ணீருக்குள்ளேயே குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடி வெளியே எடுக்க வேண்டும். இன்னொன்றும் செய்தாக வேண்டும்: இதே அமைப்பை இன்னொரு முகவையில் வைத்து, கறுப்புத் துணியால் மூடி, முதல் முகவைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். தண்ணீர் சூடானாலே அதில் கரைந்திருக்கும் காற்று குமிழியாக வரும். மூடிய முகவையில் வருவதையும் திறந்ததில் வருவதையும் எண்ணிப் பார்த்தால்தான் ஒளியின் வேலை எது, சூட்டின் வேலை எது என்று பிரியும். இந்த இரண்டாவது முகவை இல்லாமல் செய்தால் அது வெறும் வேடிக்கை காட்டல்தான்.

ஆகஸ்டில் செலவே இல்லாத இன்னொன்று உண்டு. கடலூர் ஏறத்தாழ 11.75 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஆகஸ்ட் 21, 22 தேதிகளை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலிலும் ஒரு முறை வரும்; அது தேர்வும் விடுமுறையுமான காலம். செங்குத்தாக நட்ட குச்சிக்கு அந்தச் சமயம் நிழல் இருக்காது. கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, 12.15-ஐ ஒட்டித்தான் அது நடக்கும், நம் ஊர் இந்திய நேரக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால். 12 மணிக்கே பார்த்தால் ஒரு மீட்டர் குச்சிக்கு சுமார் 6 செ.மீ. நிழல் இருக்கும். குச்சி ஒரு டிகிரி சாய்ந்தாலே 1.7 செ.மீ. நிழல் விழும், ஆகவே தூக்குநூல் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டே போனால் வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் குனிந்து பார்ப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லை என்பதால் இதை விடக் கூடாது.

வேதியியலை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கடலோர ஈரக்காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் புட்டிக்குள்ளேயே கசிந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி மூடியாக இருந்தால் இறுகிப் பிடித்துத் திறக்கவே வராது. பிளாஸ்டிக் மூடிப் புட்டியில்தான் வைக்க வேண்டும். கரையும்போது வெப்பம் உமிழ்வதைக் காட்ட 50 மி.லி. தண்ணீரில் 2 கிராம் போதும், சுமார் 10 டிகிரி ஏறும். 5 கிராம் போட்டால் 20 டிகிரிக்கு மேல் ஏறித் தெறிக்கும் அபாயம் வரும், பயன் ஒன்றும் கூடாது. இதை ஆசிரியர் எடைபோட்டுத் தர வேண்டும். பிள்ளைகள் வில்லையைக் கையால் தொடவே கூடாது. வெப்பம் கொள்வதைக் காட்ட அம்மோனியம் குளோரைடு 5 கிராம், அதே 50 மி.லி. தண்ணீர், 5, 6 டிகிரி இறங்கும். இங்கே நேரும் தவறு தண்ணீரில்தான் தொடங்குகிறது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பகலில் பிடிக்கும் தண்ணீர் அறையைவிடச் சூடாக இருக்கும். பிடித்த உடனே செய்தால் உப்பு போடாமலே வெப்பநிலை இறங்கிக்கொண்டிருக்கும், உப்பின் பங்கு எவ்வளவு என்று தெரியாது. ஒரு மணி நேரம் முன்பே பிடித்து அறையில் வைத்துவிட வேண்டும். வெப்பமானியாலேயே கலக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். குமிழ் உடையும், பாதரசமாக இருந்தால் அது வேறு ஆபத்து. கண்ணாடிக் குச்சி இல்லையென்றால் ஐஸ்கிரீம் மரக்குச்சி போதும்.

கரைதிறன் சோதனையில் 100 மி.லி. தண்ணீருக்கு முதலில் 25 கிராம் சாதாரண உப்பு, பிறகு 11 கிராம், கடைசியில் 1 கிராம் சேர்க்கிறோம். 36 கிராம்தான் எல்லை. நடுவில் போடும் 11 கிராம் கரைய நன்றாகக் கலக்கி ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுமையில்லாமல் "கரையவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். பாக்கெட் தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் தண்ணீரைக் கலங்கலாக்கும், அதையும் கரையாத உப்பு என்று எண்ணிவிடுவார்கள். மழைக்கால உப்பில் ஈரம் ஏறியிருப்பதால் தராசு காட்டும் 36 கிராம் உண்மையில் குறைவு. வாணலியில் சற்று வறுத்து ஆறவைத்து எடுத்தால் கணக்கு சரிவரும். கடைசி 1 கிராம் அடியில் தங்கிய கரைசலை "மீதெவிட்டிய கரைசல்" என்று எழுதவைப்பது வழக்கமாகிவிட்டது. அது தெவிட்டிய கரைசலும் அடியில் கரையாத உப்பும், அவ்வளவுதான். அளவுக்கு மீறிக் கரைந்திருந்தால் மட்டுமே மீதெவிட்டியது என்ற பெயர் பொருந்தும். மேல்நிலையில் போய்த் திருத்துவதைவிட இங்கேயே சரியாகச் சொல்லிவிடலாம்.

நீரேறிய காப்பர் சல்ஃபேட்டைச் சூடாக்கும் சோதனை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நீலம் வெளுத்து வெள்ளையாகும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். 2 கிராம் போதும். எடையில் 36 விழுக்காடு தண்ணீர்தான் என்பதால் குழாயின் மேற்பகுதியில் துளிகள் நன்றாகத் தெரியும். குழாய் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. குழாயின் வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் துளி வழிந்து சூடான அடிப்பகுதியில் பட்டுக் கண்ணாடி வெடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் உடையும் சோதனைக்குழாய்களில் பாதி இப்படித்தான் போகின்றன. தண்ணீர் விடுவதும் குழாய் ஆறிய பிறகுதான்.

அமிலமா, காரமா என்று கண்டறியும் சோதனையில் ஒரு தர்க்கப் பிழை பரவலாக இருக்கிறது. காரத்தில் மட்டும் நிறம் காட்டும் பினாப்தலீனை விட்டு நிறம் வரவில்லையென்றால் "அமிலம்" என்று எழுதிவிடுகிறார்கள். வெறும் தண்ணீரிலும் பினாப்தலீனுக்கு நிறம் வராது. மெத்தில் ஆரஞ்சு சிவந்தாலோ, சோடியம் கார்பனேட்டில் நுரைத்துப் பொங்கினாலோதான் அமிலம் என்று சொல்லலாம். அமிலம் மிகவும் நீர்த்திருந்தால் நுரையும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்று கலந்தால் சரியாக இருக்கும். தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது. கையிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். ஆகவே குழாயில் தண்ணீர் வராத நாளில் ஆய்வகத்தில் அமிலம் எடுக்கவே கூடாது.

தண்ணீர் என்றதும் மேல்நிலை வகுப்பைப் பற்றியும் ஒன்று. கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு, அதாவது குளோரைடு, கலந்திருக்கும். அந்தத் தண்ணீரில் கரைத்த எந்த உப்பிலும் வெள்ளி நைட்ரேட் விட்டால் வெள்ளை வீழ்படிவு வரும். பிளஸ் டூ மாணவர் கையில் இருப்பது சல்ஃபேட்டாக இருந்தாலும் "குளோரைடு" என்று எழுதிவிடுவார். குற்றம் அவருடையது அல்ல. கேன் தண்ணீரும் வடிநீர் ஆகாது. பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் கேனில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரை வாங்கி, ஒரு சோதனைக்குழாயில் எடுத்து ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்க்க வேண்டும். கலங்காமல் இருந்தால் அந்தக் கேனை, கொடுத்த உப்பு எது என்று கண்டறியும் உப்பறி ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் வழக்கத்தையும் இந்த ஆண்டோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கான ரப்பர் குமிழ் பெரிய விலை இல்லை.

இயற்பியலுக்கு வருவோம். இந்த மூன்று சோதனைகளும் ஜூன் மாதத்திலேயே முடியக்கூடியவை. குவிலென்சில் மெழுகுவத்தி வைத்துச் செய்கிறார்கள். மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடும், வத்தி உருகக் குட்டையாகித் திரையில் பிம்பம் மேலே ஏறிக்கொண்டே போகும். சின்ன எல்.இ.டி. டார்ச்சின் முகத்தில் இரண்டு நூலைப் பெருக்கல் குறியாக ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை. நூலின் பிம்பம் கூர்மையாக விழும் இடமே சரியான இடம். ஜன்னலை மூட முடியாத அறையில் திரையின் மூன்று பக்கமும் அட்டையால் மறைத்துக்கொள்ளலாம். 20 செ.மீ. குவியத்தொலைவுள்ள லென்சுக்குப் பொருளை 30 செ.மீ.-ல் வைத்தால் பிம்பம் 60-ல், 40-ல் வைத்தால் 40-ல், 60-ல் வைத்தால் 30-ல் விழ வேண்டும். 20-க்கும் குறைவாக வைத்துவிட்டுத் திரையில் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஏன் விழவில்லை என்று அப்போது கேட்டால் அந்தப் பாடம் ஆயுளுக்கும் நிற்கும்.

திருப்புத்திறன் (எடையையும் அது தொங்கும் தொலைவையும் பெருக்கி வருவது) சோதனையில் மீட்டர் ஸ்கேலை 50 செ.மீ. குறியில்தான் தொங்கவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். பழைய மர ஸ்கேலின் ஈர்ப்பு மையம் 50.4-லோ 49.7-லோ இருக்கும். எடை எதுவும் மாட்டாமல் எங்கே கிடைமட்டமாக நிற்கிறதோ அங்கே நூலைக் கட்டி, தொலைவுகளை அந்த நூலிலிருந்து அளந்தால் போதும். 50 கிராமை 20 செ.மீ.-ல் மாட்டி, தெரியாத பொருள் 12.5 செ.மீ.-ல் சமன் செய்தால் அது 80 கிராம். அதே பொருளை மளிகைக் கடை மின்னணுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னால், அந்தக் கணக்கில் பிள்ளைக்கு வரும் நம்பிக்கை வேறு.

மின்தடை எண் காணும் சோதனையில்தான் நம் ஊர்க் காற்று அதிகம் விளையாடும். பித்தளை முனைகளில் பச்சை பூத்திருக்கும், மின்னோட்டம் விட்டு விட்டுப் பாயும், அம்மீட்டர் முள் துள்ளும். ஒவ்வொரு முனையையும் கம்பியின் நுனியையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தொடங்குவது கட்டாயம். சாவியை அளவு எடுக்கும் நேரம் மட்டும் மூட வேண்டும். மூடியே வைத்தால் கம்பி சூடாகி மின்தடை மாறும், பேட்டரியும் இறங்கும். பெரிய பிழை கம்பியின் விட்டத்தை அளக்கும் திருகு அளவியில் வருகிறது. 0.40 மி.மீ. கம்பியில் 0.02 மி.மீ. தவறினால் விட்டத்தில் 5 விழுக்காடு, குறுக்குப் பரப்பில் 10 விழுக்காடு பிழை. அதனால் அளவியை வெறுமனே மூடும்போதே அது காட்டும் சுழிப்பிழையை முதலில் பார்த்து, கம்பியின் நாலைந்து இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள அந்த நைக்ரோம் கம்பிக்கு மின்தடை 8 முதல் 9 ஓம் வரை வந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மழைக்கு உள்ளே உட்கார்ந்து செய்ய மீதமிருப்பவை ஏராளம். இதயம், மூளை மாதிரிகள், இரத்தச் செல்கள், நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாம் எந்த நாளும் ஆகும். இருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டுக்குப் பள்ளி மைதானத்தில் மண்டிக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டின் இளந்தண்டே போதும். தண்டைப் பப்பாளிக் காய்த் துண்டின் பிளவில் செருகிப் பிடித்து, பிளேடை நனைத்துக்கொண்டு, ஒரே வீச்சில் இழுத்து வெட்ட வேண்டும். இருபது வெட்டினால் இரண்டு தேறும். ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பவற்றை ஒதுக்கிவிட வேண்டும். சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் ஒரு நிமிடம் போதும், பிறகு தண்ணீரில் அலசிக் கிளிசரின் ஒரு சொட்டு. பலர் அலசுவதில்லை, எல்லாம் ஒரே சிவப்பாகி, தண்ணீர் கடத்தும் சைலமும் அதற்கு வெளியே உள்ள புறணியும் பிரிந்து தெரியாது.

ஓங்கு பண்பும் ஒடுங்கு பண்பும் 3-க்கு 1 என்று பிரிவதைக் காட்டும் மெண்டலின் ஒருபண்புக் கலப்புக்கு இரண்டு துணிப்பை, ஒவ்வொன்றிலும் பத்துச் சிவப்பு மணி, பத்து வெள்ளை மணி. இரு பையிலிருந்தும் பார்க்காமல் ஒவ்வொன்று எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட வேண்டும். திரும்பப் போடாமல் எடுத்துக்கொண்டே போனால் விகிதம் கெடும். மணி எல்லாம் ஒரே அளவாக, ஒரே வழவழப்பாக இருக்க வேண்டும், விரல் கண்டுபிடித்துவிடும். நாற்பது முறை எடுத்தால், ஒரு சிவப்பாவது வந்தவை 30, இரண்டும் வெள்ளையாக வந்தவை 10 என்று 30-க்கு 10 வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 27-க்கு 13 வந்தாலும் 33-க்கு 7 வந்தாலும் வியப்பதற்கில்லை. பத்துக் குழுக்கள் செய்தால் ஒன்றோ இரண்டோ மட்டும் துல்லியமாக 30-க்கு 10 பெறும். எல்லோர் ரெக்கார்டிலும் 30-க்கு 10 இருந்தால் யாரும் மணியைத் தொடவில்லை என்று பொருள். பத்துக் குழுக்களின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டிப் பாருங்கள், 400-ல் சுமார் 300 வந்து நிற்கும். தற்செயலில் ஒழுங்கு எப்படித் தோன்றுகிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கிடைத்ததை எழுதும் துணிவைத்தான் நம் செய்முறை வகுப்புகள் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடுகின்றன. பக்கத்துப் புதுச்சேரியில் 1769 ஜூன் 4 விடியலில், சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதை அளக்க லெ ஜான்டீ என்ற பிரெஞ்சு வானியலாளர் காத்திருந்தார். 1761-ல் நடந்த கடப்பை அளக்க வந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் போயிருந்ததால் கரை இறங்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கி, இங்கே ஓர் ஆய்வுக்கூடமும் அமைத்துக் காத்திருந்தவருக்கு அன்று மேகம் மறைத்துவிட்டது. மேகம் மறைத்தது என்றே அவர் எழுதினார். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது. லென்சின் குவியத்தொலைவு 18.6 என்று வந்தால் 18.6 என்றே எழுதட்டும். 20-லிருந்து ஏன் விலகியது என்று இரண்டு வரி எழுதினால் அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ஒரே வகுப்பின் நாற்பது ரெக்கார்டிலும் ஒரே விடை இருந்தால் புறத்தேர்வாளர் கேள்வி கேட்க வேண்டும்.

பணம் இல்லை என்று சொல்வதை எங்களால் ஏற்க முடியவில்லை. நாற்பது பேர் வகுப்பு, நால்வருக்கு ஒரு குழு என்று வைத்தால் காப்பர் சல்ஃபேட் 20 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 20 கிராம், அம்மோனியம் குளோரைடு 50 கிராம், உப்பு 370 கிராம். அரைக் கிலோ காப்பர் சல்ஃபேட் புட்டி ஒன்று இருபத்தைந்து வகுப்புகளுக்கு வரும். பிள்ளைகள் கண்ணில் படாமல் கிடப்பது ஆண்டுக்கணக்கில் திறக்காத அலமாரியில் இருக்கும் பொருள்தான். குழு நால்வரில் ஒருவர் அளக்க, ஒருவர் பிடிக்க, ஒருவர் கவனிக்க, ஒருவர் எழுத வேண்டும், ஒவ்வொரு வாரமும் இது மாற வேண்டும். மாற்றாவிட்டால் இருபாலர் பள்ளிகளில் பையன்கள் கருவியைத் தொடுவதும் பெண்பிள்ளைகள் எழுதுவதுமாகவே வருடம் போய்விடும். இதை ஆசிரியர் வாயைத் திறந்து சொல்லித்தான் மாற்ற முடியும், தானாக மாறாது.

திரையில் காணொலி போட்டுக் காட்டுவதும் இப்போது செய்முறையின் இடத்தைப் பிடித்துவருகிறது. செய்வதற்கு முன் ஒரு தடவை பார்க்க அது நல்லது. ஆனால் காணொலியில் குழாய் உடைவதில்லை, முள் துள்ளுவதில்லை, பிம்பம் விழாமல் போவதில்லை. தவறு நேர்ந்து, ஏன் என்று தேடும் அந்தப் பத்து நிமிடங்கள்தான் பிள்ளைக்கு அறிவியல் வகுப்பு.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் வருகை எடுத்து, பிள்ளைகளை ஆய்வகத்துக்கு நடத்திக்கொண்டு போய், விளக்கிச் சொன்ன பிறகு கையில் இருப்பது இருபது நிமிடம். கழுவி வைக்க ஆள் இல்லாத பள்ளியில் அதுவும் இல்லை. ஆய்வக உதவியாளர் இல்லாத இடத்தில் ஓர் அறிவியல் ஆசிரியர் தனியாக நாற்பது பிள்ளைகளையும் பத்துச் சாராய விளக்குகளையும் கவனிக்க முடியாது. அங்கே இருபது பேர் செய்ய, இருபது பேர் பக்கத்து அறையில் ரெக்கார்டு எழுதலாம். அப்படிச் செய்ய இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் வேண்டும், மதிய இடைவேளைக்கு முந்தைய இரண்டாக இருந்தால் கழுவி வைக்கவும் சற்று நேரம் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இப்படிக் கிடைத்தாலே ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் வெயிலும் தீயும் மின்சாரமும் வேண்டிய சோதனைகள் எல்லாம் முடிந்துவிடும்.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களை நாங்கள் கேட்பது இதுதான்: ரெக்கார்டு நோட்டை ஜனவரியில் பார்க்காமல் காலாண்டுத் தேர்வின்போதே, தேதி போட்ட பக்கங்களோடு, பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஜூன் மாதக் கூட்டத்தில் ஆய்வகத்துக்குள் ஒரு நடை போய், குழாயில் தண்ணீர் வருகிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, எந்தப் புட்டியில் போன வருடத் தூசி அப்படியே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். தலைமை ஆசிரியர்கள் வரும் கல்வியாண்டுக்கான நேர அட்டவணையை மே மாதக் கடைசியில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியலின் இரண்டு பீரியட்களைச் சேர்த்துப் போட அப்போதுதான் வழி உண்டு, பள்ளி திறந்த பிறகு மாற்றுவது கடினம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.